தம் ஆகட்டும்

ராயப்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில், நீ என்னை இழுத்துக்கொண்டு போவாயே ஒரு டீக்கடை, அங்கே இன்று காலை போனேன். போயிருக்கக் கூடாது. நான் போய் நின்ற நேரம் பார்த்து மாஸ்டர் பானையின் வாயில் கட்டியிருந்த ஈரத்துணியை அவிழ்த்தார். ஆவி குபுகுபுவென்று கிளம்பி மூஞ்சியில் அடித்தது. மூடி போட்டு, துணி கட்டி, சின்னத் தணலில் கிடந்து வெந்த தேயிலை வாசனை. அதோடு ஏலக்காய். மாஸ்டர் நிமிர்ந்து பார்த்து, "இன்னா சார், ஒண்டியா வந்துகிறீங்க? கொரலு வரலியா?" என்று கேட்டார். உன் பேர் அவருக்குத் தெரியாது. உன்னைக் குரல் என்றுதான் சொல்லுவார். நீ போன சேதி அவருக்கு எட்டவில்லை போலிருக்கிறது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "ரெண்டு தம் டீ" என்றுதான் வந்தது.

இரண்டு டம்ளரையும் கடை வாசல் பலகையில் வைத்துவிட்டு, ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

இன்று நாம் தமிழில் டப்பிங் செய்த சீரியலின் கடைசி எபிசோட் வெளியாகிற நாள். வீட்டில் இருக்க முடியாமல்தான் அங்கே போனேன். திரும்பி வந்ததும் முதல் வேலையாகத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீ இருந்தபோது உனக்கு நான் ஒரு கடுதாசி எழுதியதில்லை. எழுதியதெல்லாம் வசனம். அதையும் நீ கையில் வாங்கிப் படித்ததில்லை. "நீ படி நைனா, நான் கேட்டுக்கறேன்" என்று கண்ணை மூடிக்கொள்வாய். ஒரு தடவை கேட்டால் உனக்குப் போதும். அதனால் இதையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுகிறேன். மேல்மாடியில் குடியிருப்பவர்கள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

கோடம்பாக்கத்தில் நம் இரண்டு பேர் பிழைப்பும் அடுத்தவன் வாயசைவில்தான் ஓடியது. எந்த ஊர்க்காரனோ எந்த பாஷையிலோ திரையில் வாயை அசைப்பான். அந்த அசைவுக்குள் அடங்குகிற தமிழை நான் தேடி எழுதுவேன். நீ கண்ணாடி அறைக்குள் மைக் முன்னால் நின்று அதைப் பேசுவாய். அவன் உதடு மூடுகிற இடத்தில் நீயும் மூடவேண்டும், அவன் மூச்சு வாங்குகிற இடத்தில் நீயும் வாங்கவேண்டும். என் வசனத்தாளில் அந்த இடங்களில் ஒரு சாய்கோடு போட்டிருப்பேன். உனக்குத்தான் தாளைப் பார்க்கிற பழக்கம் கிடையாதே. அதனால் படித்துக் காட்டும்போது கோடு வருகிற இடத்தில் மேஜையை விரலால் ஒரு தட்டு தட்டுவேன். தட்டினால் மூச்சு. வேறு எந்த ஆர்ட்டிஸ்டிடமும் எனக்கு இப்படி ஒரு ஏற்பாடு இருந்ததில்லை. இனிமேல் இருக்கப்போவதுமில்லை.

அந்தத் துருக்கி சீரியல் நம் கைக்கு வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். துறைமுகத்து ஊர் ஒன்றில் டீக்கடை வைத்திருக்கிற கிழவன். மகள் ஓடிப்போனாலும் சரி, மகனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனாலும் சரி, எல்லாரும் தலைவிரித்து ஆடுகிற நேரத்தில் அவன் அடுப்பில் இருக்கிற டீ கெட்டிலைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லுவான். "தெம் அல்சின்." டீ இன்னும் ஊறவில்லை, ஊறட்டும், பொறு என்று அர்த்தம் என மொழிபெயர்ப்புத் தாளில் போட்டிருந்தது. நானும் "ஊறட்டும்" என்று எழுதிக்கொண்டு வந்தேன். நீ இரண்டு தடவை பேசிப் பார்த்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினாய்.

"ஒட்டல நைனா. அவன் வாய மூட்றான், நான் தெறந்துகினு நிக்கறேன்."

"வேற வார்த்தை இல்லடா. டீ ஊறும். வேற என்ன பண்ணும்?"

"இன்னாத்துக்கு வேற வார்த்த? அவன் சொல்றதே நம்ம வார்த்த தான? தெம்முன்றான். எங்கூட்ல தம்முன்றோம். பிரியாணிக்கு மாவ ஒட்டி மூடி வெக்கறோமே, அது. தம் ஆகட்டும். போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தோம். கிழவனின் உதடு மூடிய இடத்தில் உன் உதடு மூடியது. அவன் தலையை ஆட்டி முடித்த இடத்தில் நீயும் முடித்தாய். சவுண்ட் பார்க்கிற சௌந்தர்யா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அந்தப் பெண் லேசில் எதையும் பாராட்டுகிறவள் இல்லை என்பது உனக்கே தெரியும்.

அதற்கப்புறம் அந்த வாக்கியம் எங்கெங்கோ போய்விட்டது. ரங்கநாதன் தெருவில் நீ கைலிக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தபோது கடைப்பெண் கையில் இருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு, "சார், டீக்கடைத் தாத்தாவா நீங்க? ஒரு தடவ சொல்லுங்க சார்" என்று கெஞ்சியதும், நீ அத்தனை கூட்டத்துக்கு நடுவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னதும், பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்ததும் என் கண்ணிலேயே நிற்கின்றன. வெளியே வந்ததும், "பாத்தியா மச்சி, மூஞ்சி இல்லாமயே ஸ்டாரு" என்றாய். உன் மூஞ்சிக்கு அதுவே பெரிது என்றேன். முதுகில் ஒன்று வைத்தாய். அந்த அடி இன்னொரு தடவை கிடைத்தால் போதும் எனக்கு.

தம் என்ற அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு நாம் அடித்த கூத்து கொஞ்சமா? நான் அகராதிகளைப் புரட்டிக்கொண்டு வருவேன், நீ உன் வீட்டிலும் பள்ளிவாசலிலும் கேட்டதைக் கொண்டு வருவாய். பாரசீகத்தில் தம் என்றால் மூச்சு; ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்கும் அதே பேர். அது உருதுவுக்கு வந்தது. அங்கிருந்து மூடிய பானைக்குள் அடங்கிக் கிடக்கிற ஆவிக்குப் போனது, ஹுக்காவில் இழுக்கிற ஒரு இழுப்புக்குப் போனது, நம் தெருவில் பீடிக்கும் சிகரெட்டுக்கும் வந்து நின்றது. துருக்கிக்காரன் அதைக் கொண்டுபோய்த் தேயிலையில் போட்டுவிட்டான். தம் இருந்தால் மோதிப் பார் என்று சண்டைக்குக் கூப்பிடுகிறவனும் அதைத்தான் கேட்கிறான், உன்னிடம் மூச்சு இருக்கிறதா என்று. இதையெல்லாம் நான் மெனக்கெட்டுச் சொல்லச் சொல்ல, உனக்குப் பேராசை வந்துவிட்டது.

"அப்ப தம்பி?"

"அது தமிழ்டா. தமக்குப் பின்னாடி பொறந்தவன்னு சொல்லுவாங்க. அந்த தம் வேற."

"தம்பதி?"

"அது சமஸ்கிருதம். பழைய காலத்துல அதுல தம்னா வீடு. வீட்டுக்கு உரியவங்க."

"ஆம்ஸ்டர்டாம்?"

"டேய், அது ஆத்துக்குக் குறுக்க கட்ற அணைடா."

"போ நைனா, எதக் கேட்டாலும் இல்ல இல்லன்ற. ஒலகத்துல கீற தம்மு எல்லாம் எங்கூட்டு தம்முதான். எழுதிக்க." அப்புறம் நீயே, "அரபில தம்முன்னா ரத்தம். எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிக்கீறாரு" என்றாய். அதற்கும் மூச்சுக்கும் உறவில்லை, தற்செயலாக ஒரே மாதிரி ஒலிக்கிறது என்றேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. மூச்சும் ரத்தமும் உறவில்லையென்றால் அப்புறம் எதுதான் உறவு என்று என்னைக் கேட்டாய். அப்போது சிரித்தேன்.

ஒரு காலையில் ஊரூர் குப்பத்துக்கு மீன் வாங்கப் போனோம். பாபிக்குச் சங்கரா பிடிக்கும் என்று, நான் அண்ணி முறையில் பாபி என்று கூப்பிடுகிற உன் மனைவியைச் சாக்காகச் சொல்லித்தான் என்னைக் கிளப்பிக்கொண்டு போனாய். பேரம் எல்லாம் முடிந்து படகு நிழலில் உட்கார்ந்து நீ ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தாய். நான் வழக்கம்போலப் புகை வராத பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன். "எங்க பாஷைல ஹம்தம்னு ஒண்ணு கீது" என்று ஆரம்பித்தாய். "ஒரே மூச்சுக்காரன்னு அர்த்தம். ஆளு யாருன்னு நான் சொல்ல மாட்டேன். நீயே டிக்சனரில பாத்துக்க." பார்த்தேன். தோழன் என்று போட்டிருந்தது. பார்த்ததை உன்னிடம் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை.

அந்த சிகரெட்டை விடு, விடு என்று எத்தனை தடவை சொன்னேன். ரீல் மாற்றுகிற இடைவெளியில் "ஒரு தம் போட்டுட்டு வந்துர்றேன்" என்று படியிறங்குவாய். உன் குரலின் அந்தக் கரகரப்புக்கு அதுதான் காரணம் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டது, நீயும் அதை நம்பினாய். கடைசியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நுரையீரல் விரிந்து கொடுக்காமல் கெட்டிப்பட்டுப் போய்விட்டது, இனி அது திரும்பாது என்றார். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். இன்றைக்கும் இருக்கிறது. கோபப்பட்டுக் கத்துவதற்கு நீ இல்லை என்பதுதான் தாங்கமுடியவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சீரியலின் கடைசிப் பகுதி வந்து இறங்கியது. நீ முதலில் கேட்ட கேள்வி, கிழவன் செத்துப்போகிறானா என்பது. நான் முழுவதும் பார்த்துவிட்டு வந்து, இல்லை, கடைசிக் காட்சியில் பேத்திக்கு டீ போடக் கற்றுக்கொடுக்கிறான், அவள் அவசரப்படுகிறாள், அவன் அந்த வாக்கியத்தைச் சொல்லுகிறான், அதோடு முடிகிறது என்றேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"அத நான்தான் பேசணும் மச்சி. அதுவரைக்கும் நீ எப்டியாவது இட்டுகினு போ. வேற ஒருத்தன் கொரலு அந்தாளு வாய்ல வரக்கூடாது. நான் ஒண்ணியும் கேட்டதில்ல ஒன்கிட்ட. இத மட்டும் கேக்கறேன்."

நீ கேட்டுவிட்டாய். என்னிடம் என்னடா இருக்கிறது? பேனாதானே இருக்கிறது? ஸ்டூடியோ மேனேஜர் அதற்குள் உன் குரலில் மிமிக்ரி செய்கிற ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்திருந்தார். "பாவம் சார் அவரு, எதுக்கு அவரப் போட்டுக் கஷ்டப்படுத்தணும்?" என்றார். நியாயமான பேச்சுதான். நான் அவரிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தப் பையன் எழுந்து நின்று, "நான் வெயிட் பண்றேன் சார், அண்ணனே பேசட்டும்" என்றான்.

அப்புறம் நான் செய்த வேலையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீ ஒரு மூச்சில் ஒரு முழு வசனத்தைச் சொல்லுகிற ஆள். இப்போது நாலு வார்த்தைக்கு மேல் தாங்கவில்லை. திரையில் கிழவனோ நீளமாகப் பேசுகிறான். அவன் எங்கே முகத்தைத் திருப்புகிறான், எங்கே டம்ளரை வாயில் வைக்கிறான், எங்கே கேமரா அவன் முதுகுப்பக்கம் போகிறது என்று தேடித் தேடி, அங்கெல்லாம் உனக்கு மூச்சு வாங்க இடம் பண்ணினேன். பெரிய வார்த்தையைத் தூக்கிவிட்டுச் சின்ன வார்த்தை போட்டேன். 'அவர்களிடம் சொல்லியிருந்தேன்' என்பது 'சொன்னேன்' ஆயிற்று. அதுவும் முடியாத இடத்தில் 'ம்' ஆயிற்று. சில இடங்களில் கிழவன் நேராக நம் கண்ணைப் பார்த்துக்கொண்டு நிறுத்தாமல் பேசுவான். அங்கே ஒன்றும் ஓடாது. எங்கோ துருக்கியில் இருக்கிற அந்த நடிகனைப் பார்த்து, "திரும்புடா, ஒரு தடவ முதுகக் காட்டுடா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று நான் தலையில் அடித்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறேன். என் வசனத்தாளில் வார்த்தைகளைவிடக் கோடுகள் அதிகமாகிவிட்டன.

நடுவில் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மணிக்கட்டில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்களே, அதை மறக்க முடியாது. வழக்கமாக எடுக்கிற நரம்பில் இல்லை, உள்ளே ஆழமாக ஓடுகிற தமனியில் எடுக்கவேண்டும், அதில்தான் எவ்வளவு ஆக்சிஜன் கலந்திருக்கிறது என்று தெரியும், கொஞ்சம் வலிக்கும் என்று நர்ஸ் அம்மா சொன்னார். கொஞ்சமா வலித்தது உனக்கு? பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். நான் எதையாவது பேசவேண்டுமே என்று, "தமனிங்கிற சொல்லும் ஊதறதுங்கிற வேர்ல இருந்துதான்டா வருது. மூச்சுக்குச் சொந்தக்காரன்தான்" என்றேன். உன் முகம் வலிக்கு நடுவில் அப்படியே மலர்ந்துவிட்டது.

"பாத்தியா நைனா? ரத்தத்துக்குள்ள தம் கீதான்னு பாக்கறாங்க. அன்னிக்கே சொன்னேன் இல்ல, ரெண்டும் ஒறவுன்னு."

தோற்றுப்போனேன் என்று ஒத்துக்கொண்டேன். உனக்கு அவ்வளவு சந்தோஷம். நர்ஸ் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்குத் திடீர் திடீரென்று மூச்சு முட்டி, கண் பிதுங்கி, கையால் காற்றைப் பிடிக்கப் பார்ப்பாயே, அப்போது எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் கட்டில் கம்பியை விரலால் தட்டுவது. ஒரு தட்டு, நீ இழுப்பாய். விடுவாய். இன்னொரு தட்டு. டாக்டர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "அதையே பண்ணிட்டிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பாபி பள்ளிவாசலில் ஓதி ஊதிய தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து மூடியில் ஊற்றி உன் வாயில் வைத்தார். "தம் பண்ண பானி, கொஞ்சமா குடிங்க" என்றார். நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். இதையும் கணக்கில் சேர்த்துக்கொள் என்று அர்த்தம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு அனுப்பினார்கள். மூக்கில் டியூப், கையில் சின்ன சிலிண்டர். அப்படியே ஆட்டோவில் ஏறி ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டாய். சிலிண்டர் சத்தம் மைக்கில் ஏறுகிறது என்று சௌந்தர்யா தயங்கித் தயங்கிச் சொன்னாள். அப்புறம் அதுதான் நம் முறை ஆயிற்று. டியூபைக் கழற்றி என்னிடம் கொடுப்பாய், சிலிண்டரை நான் மூடுவேன், உன் தோளில் ஒரு தட்டு தட்டுவேன், நீ மூச்சை இழுத்து அந்த நாலு வார்த்தையைப் பேசுவாய், உடனே டியூபை மாட்டிவிடுவேன். உதடு நீலம் பாரிக்கும். கொஞ்சம் தெளிந்ததும் "அடுத்தது" என்பாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சௌந்தர்யா தலையைக் குனிந்துகொண்டே வேலை பார்த்தாள். மூச்சுச் சத்தத்தை வெட்டி எடுக்காதே என்று நீ அவளிடம் எத்தனையோ வருஷமாகச் சண்டை போட்டிருக்கிறாய். மூச்சை வெட்டினால் பேச்சு ஐஸில் வைத்த மீன் மாதிரி ஆகிவிடும் என்பாய். இப்போது வேறு வழியில்லை. உன் மூச்சு உன் பேச்சைவிடச் சத்தமாக இருந்தது. அவள் ஒவ்வொன்றாக வெட்டினாள்.

எல்லாம் முடிந்துவிட்டது. அந்தக் கடைசி வாக்கியம் ஒன்றுதான் பாக்கி. திரையில் கிழவன் பேத்தியின் கையை மெல்ல விலக்கிவிட்டு, நேராகப் பார்க்கிறான். முதுகைக் காட்டவில்லை. டியூபைக் கழற்றினாய். நான் தோளில் தட்டினேன். நீ இழுத்தாய். நன்றாகத்தான் இழுத்தாய், நெஞ்சு ஏறியது. கிழவன் உதட்டை மூடித் திறந்தான். நீ அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாய். சத்தம் வரவில்லை. திரை கறுத்துப்போன பிறகுதான் என் பக்கம் திரும்பினாய்.

"நாளைக்கு வுடு மச்சி. தம் இல்ல."

உன்னைப் படியில் தாங்கி இறக்கிக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏற்றினேன். நாளைக்கு முதல் வேலை இதுதான் என்றேன். தலையை ஆட்டினாய்.

காலையில் பாபி போன் செய்தார். பேசவில்லை, அழுதார். எனக்குப் புரிந்துவிட்டது. மையவாடியில் உன்னைக் குழிக்குள் இறக்கிவிட்டு ஹஜ்ரத் நீளமாக ஓதினார். எல்லாரும் தலை குனிந்து நின்றார்கள். நான் நின்றுகொண்டு அவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று என் தொடையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தேன். என்ன ஜென்மம் நான் என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. நிறுத்த முடியவில்லை. மண் போடச் சொன்னார்கள். போட்டேன். அந்த மண்ணுக்குக் கீழே உனக்கு மூச்சு முட்டுமே என்றுதான் நினைத்தேன்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக அந்த மிமிக்ரிப் பையனைக் கூப்பிடலாம் என்றார் மேனேஜர். சௌந்தர்யாதான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "எதுக்கு சார்? அவரு அத எத்தன எபிசோட்ல சொல்லியிருக்காரு. எல்லாம் என்கிட்ட இருக்கு" என்றாள். பழைய எபிசோட்களைத் தோண்டினாள். நீ தெம்பாக இருந்த காலத்தில் சொன்ன 'தம் ஆகட்டும்' ஒன்றை, அதற்கு முன்னால் நீ வாங்கிய மூச்சோடு சேர்த்து எடுத்துவந்து அந்தக் கிழவன் வாயில் பொருத்தினாள். அச்சாகப் பொருந்தியது. நீ கேட்டது நடந்துவிட்டதடா. கடைசிவரை உன் குரல்தான். வேறு ஒருத்தன் குரல் அந்த வாயில் வரவில்லை.

ஆனால் அது நீ கடைசியாகப் பேசியது அல்ல. என்றைக்கோ பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து ஜாலியாகப் பேசியது. இன்று ஊரில் பார்க்கிற யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமே. அன்றைக்கு, என் தட்டுக்கு நீ இழுத்தாயே, அந்த மூச்சு என்ன ஆயிற்று? அது எங்கேயும் வேண்டாமல் போய்விட்டதே. ஸ்டூடியோவில் நம் பதிவெல்லாம் இருந்த டிஸ்க்கைக் காலி செய்யப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஓடினேன். என்ன கேட்கவேண்டும் என்றுகூடத் தெரியாமல் சௌந்தர்யா முன்னால் போய் நின்றேன். அவள் என் போனை வாங்கி எதையோ ஏற்றிக் கொடுத்தாள். "அவரு மூச்சு எதையும் நான் அழிக்கல சார். வெட்டினேன், தனியா எடுத்து வெச்சேன். அழிச்சா அவரு வந்து சண்ட போடுவாருன்னு பயம்" என்றாள். அப்புறம் மேஜையில் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள்.

அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். பேச்சே இல்லாமல் மூச்சு மட்டும். வேறு யார் கேட்டாலும் ஒரு நோயாளியின் இரைப்பு என்றுதான் நினைப்பார்கள். எனக்கு ஒவ்வொன்றும் எந்த வசனத்துக்கு முன்னால் வந்தது என்று தெரியும். நான் கோடு போட்டவன். இது மகனைத் திட்டுவதற்கு வாங்கியது, இது பேத்தியைக் கூப்பிடுவதற்கு, இது 'ம்' என்று சொல்ல. இப்போது வருகிற ஆர்ட்டிஸ்டுகள், "என்னா சார், எல்லாம் குட்டி குட்டியா எழுதறீங்க, நீளமாக் குடுங்க, தாங்கும்" என்கிறார்கள். முயற்சி செய்கிறேன். நாலு வார்த்தைக்கு அப்புறம் கை தானாகக் கோடு போட்டுவிடுகிறது.

இன்றும் இதை எழுதுவதற்கு நடுவில் கேட்டேன். எல்லாவற்றுக்கும் கடைசியில் அந்த வாக்கியத்துக்கு நீ வாங்கிய மூச்சு வருகிறது. நீ இழுக்கிறாய். நெஞ்சு ஏறுகிற சத்தம் கேட்கிறது. அதோடு நின்றுவிடுகிறது. திரை கறுத்ததும் பதிவும் நின்றிருக்கிறது; விடுகிற சத்தம் அதில் இல்லை. ஒவ்வொரு தடவையும் நானும் உன்னோடு சேர்ந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு, இப்போது வரும், இப்போது சொல்லுவாய் என்று காத்திருக்கிறேன். கண் இருட்டிக்கொண்டு வருகிறது. அப்புறம் உனக்கும் சேர்த்து நான்தான் விடுகிறேன்.